எடை எந்தக் காலில்?

அக்டோபர் 7, செவ்வாய்

வால்ட்ஸ் வகுப்பு தொடங்கியும் இசை எதுவும் போடவில்லை. ஆசிரியை எங்களை வரிசையாக நிறுத்தி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மற்றக் கால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்; அதன் மேல் துளிப் பாரமும் இருக்கக் கூடாது. பிறகு எடையை மெதுவாக அடுத்த காலுக்கு மாற்றச் சொன்னார். அறுபதைத் தாண்டியவர், நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்: "எடை எந்தக் காலில்?" உடனே பதில் சொல்ல முடியாதவர்கள் எல்லோரும் இரண்டு காலிலும் பாதிப் பாதியாக நின்றிருந்தார்கள். அப்படி நிற்கிறவரால் எந்தக் காலையும் எடுத்துவைக்க முடியாது என்றார்.

வியன்னாவில் இத்தனை வருடம் இருந்தும் வால்ட்ஸைத் தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன். ஜனவரி கடைசியில் ஹோஃப்பர்க் அரண்மனையில் மருத்துவர்களின் நடன விழா நடக்கும். எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து ஒரு மேசை எடுத்திருக்கிறார்கள்; என்னையும் என் கணவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அழைப்பு ஒரு காரணம்தான். இந்த ஊர்க்காரர்கள் உடம்பில் இருக்கும் ஒன்று எனக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பே இருந்தது.

எடை மாற்றப் பழகிய பிறகுதான் சதுரம். நடத்துபவர் இடது காலை முன்னே வைக்கும்போது, தொடர்பவர் வலது காலைப் பின்னே வைக்க வேண்டும். இரண்டாம் எண்ணுக்குத் தொடர்பவரின் இடது கால் பக்கவாட்டில் போகும். மூன்றாம் எண்ணுக்கு வலது கால் அதனிடம் வந்து சேரும். இது பாதி. மீதிப் பாதியில் இடது கால் முன்னே, வலது கால் பக்கவாட்டில், இடது கால் வந்து சேர்தல். ஆறு அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

கால் இரண்டு, எண் மூன்று. இதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இன்று தோன்றியது. அணிவகுப்பில் 'ஒன்று' எப்போதும் இடது காலுக்கே. வால்ட்ஸில் அது வலதுக்கும் இடதுக்கும் மாறி மாறிப் போகிறது. அது மாற வேண்டுமானால் மூன்றாம் எண்ணில் காலைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் போதாது, முழு உடம்பையும் அந்தக் காலின் மேல் ஏற்றியாக வேண்டும். தொட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அடுத்த 'ஒன்று'க்கு வேண்டிய கால் பாரத்தின் அடியில் மாட்டிக்கொள்கிறது. அறையில் இன்று பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை முதல் எண்ணில் வெளியே தெரிந்தன; ஆனால் உண்டானது அதற்கு முந்தைய மூன்றில்.

அக்டோபர் 9, வியாழன்

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பழகினோம். லெயோபோல்ட்ஷ்டாட்டில் எங்கள் வீடு பழைய கட்டடத்தில் இருக்கிறது, மரத்தரை. இரவு பத்துக்கு மேல் கீழ்வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது என்பதால் காலுறையோடு ஆடினோம்.

"ஏங்க, முழங்கால் இடிக்குது."

"நீ பின்னால போனாத்தானே நான் முன்னால வர முடியும்?"

"நீங்க வந்தாத்தானே நான் போவேன்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. யார் முதலில் என்பதை அடுத்த வகுப்பில் கேட்க வேண்டும்.

எண்ணுவதில் எனக்குச் சிரமம் இல்லை. மயிலாடுதுறையில் பாட்டு கற்றுக்கொண்ட காலத்திலேயே 'தகிட' கையில் ஏறிவிட்டது. ஆசிரியை ஜெர்மனில் ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை என்று எண்ணும்போது உள்ளே தகிட, தகிட என்றுதான் ஓடுகிறது. அப்போது கற்ற நோட்டு ஸ்வரங்கள் நினைவுக்கு வந்தன. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவை அவை. 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. அந்த மெட்டு மூன்றின் கணக்கில் நடப்பது. வியன்னாவில் வால்ட்ஸ் வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில், ஐரோப்பாவின் மூன்றெண் மெட்டுகளைத் தீட்சிதர் சங்கராபரணத்துக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது 1775, மறைந்தது 1835. சின்ன வயதில் விளையாட்டாகப் பாடியவை; இப்போது அவற்றின் பெறுமதி வேறாகத் தெரிகிறது.

ஆனால் கையின் தகிட வேறு, காலின் மூன்று வேறு. கையில் மூன்று அட்சரமும் ஒரே சீராக விழலாம். காலில் முதல் எண் கீழே போகிறது. மற்ற இரண்டும் மேலே போகின்றன. ஆசிரியை முதல் எண்ணைச் சொல்லும்போது குரலையும் தாழ்த்துகிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று ஏற்ற இறக்கம். மெதுவான வால்ட்ஸை வால்ட்ஸாக்குவது அதுதான் என்று ஆசிரியை வெகுநேரம் பேசினார்.

முதல் எண்ணில் முழங்கால் இளகியிருக்கும். முன்னே போகிறவர் குதிகாலை முதலில் பதிக்கிறார். பின்னே போகிறவர் விரல்நுனியை. அந்த அடி முடிகிற நேரத்தில் உடம்பு எழத் தொடங்கும். இரண்டாம் எண்ணில் எழுந்துகொண்டே பக்கவாட்டில் போக வேண்டும். மூன்றில் பாதங்கள் சேரும்போது முன்பாதத்தின் மேல் உச்சத்தில் இருப்போம். மூன்று முடிந்து அடுத்த ஒன்று வருவதற்கு முன் இருக்கிற சிறு இடைவெளியில் குதிகால் இறங்கி முழங்கால் மறுபடி இளகும்.

இதைத் துள்ளலாகச் செய்யக் கூடாது. எழுவது இரண்டு எண்களுக்கும் பரவியிருக்க வேண்டும், இறங்குவது கட்டுக்குள் இருக்க வேண்டும். கெண்டைச் சதை இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது இன்னும் வலிக்கிறது. எழுவதைவிட இறங்குவதற்கே அதிக பலம் வேண்டியிருக்கிறது. மூன்றின் முடிவில் உடம்பைத் தொப்பென்று விட்டுவிட்டால் அடுத்த அடி குட்டையாகிவிடுகிறது.

செருப்புக்கடையில் கேட்டு நடனக் காலணி வாங்கினேன். அடிப்பாகம் சொரசொரப்பான மெல்லிய தோல். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும்; உடம்பு திரும்பிய பிறகும் பாதம் நின்றுவிட்டால் அந்தத் திருகலை முழங்கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

அக்டோபர் 25, சனி

இன்று இளைய யோஹான் ஸ்ட்ராவுஸ் பிறந்து 200 ஆண்டு. ஊர் முழுக்க இந்த வருடம் அவர் பெயர்தான். நான் கூட்டத்துக்குள் போகாமல் எங்கள் தெருவிலிருந்து பிராட்டர்ஷ்ட்ராஸே வரை நடந்தேன். 54ஆம் எண் வீட்டில் குடியிருந்தபோதுதான் அவர் நீல டான்யூப் வால்ட்ஸை எழுதினார். கடைகளும் வண்டிச் சத்தமும் உள்ள தெரு, வீடு அதில் ஒன்றாக நிற்கிறது.

அங்கிருந்து கால்வாய்ப் பக்கம் நடந்தால், ஒருகாலத்தில் டியானாபாட் இருந்த இடம். நீச்சல்குளம் அது. குளிர்காலத்தில் குளத்தை மூடித் தளம் போட்டு நடன மண்டபமாக ஆக்கிவிடுவார்கள். 1867 பிப்ரவரி 15 அன்று நீல டான்யூப் முதன்முதலில் ஒலித்தது அந்தத் தளத்துக்கு மேல்தான். அன்று அது ஆண்கள் பாடகர் குழுவுக்கான பாட்டு. அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் போரில் தோற்றிருந்தது. யோசெஃப் வைல் எழுதிய வரிகளில் அந்த மனச்சோர்வைக் கேலியால் தட்டியெழுப்பும் தொனி இருந்தது. வார்த்தையில்லாத வாத்திய வடிவம் அதே வருடம் பாரிஸ் கண்காட்சியில் புகழ்பெற்று, உலகம் முழுக்கப் போனது. தோற்ற ஊர் எழுந்து நிற்பதற்காக எழுதிய இசை என்று தெரிந்து கேட்கும்போது, அந்த மெதுவான தொடக்கம் எனக்கு முன்பைவிட நெருக்கமாகிவிட்டது.

ஆனால் ஆடக் கற்றுக்கொள்கிறவர்கள் அதில் தொடங்கக் கூடாது. முன்னுரைபோல வரும் அந்த நீண்ட ஆரம்பத்தில் ஆடுவதற்கான மூன்று இன்னும் நிலைபெறுவதில்லை. பிறகு ஒன்றல்ல, ஐந்து வால்ட்ஸ்கள் கோத்து வருகின்றன. முடிவுப் பகுதி தனி. வேகம் இழுபட்டும் விடுபட்டும் போகும். அதோடு வியன்னா வாத்தியக்காரர்களுக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு: இரண்டாம் எண்ணை அதன் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே தட்டிவிடுவார்கள். மூன்றும் சமமாக இருப்பதில்லை. இரண்டு அவசரப்பட்டு வந்துவிட, மூன்றுக்கு முன்னால் ஒரு சின்ன இடம் திறக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. நம் ஊர்க் கச்சேரிகளில் மிருதங்கக்காரர் அட்சரத்தைத் தள்ளி எடுப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். இரவு வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் ஒலிப்பதிவைப் போட்டு இரண்டை மட்டும் தேடித் தேடிக் கேட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சதுரம் இன்று திரும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு பாதிச் சதுரத்திலும் கால் வட்டம் திரும்பினால், நான்கு பாதிகளில் முழு வட்டம். காலைத் திருப்பி வைக்காதீர்கள், உடம்பு திரும்பட்டும், கால் அங்கே போய்ச் சேரும் என்றார் ஆசிரியை. அதன்படி செய்தபோது திருப்பம் தானாகவே நடந்ததுபோல் இருந்தது.

அடுத்து, முழு அறையும் எந்தத் திசையில் நகர வேண்டும் என்ற விதி. எல்லா ஜோடிகளும் மண்டபத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். கோயில் பிராகாரத்தில் வலம் வந்து வளர்ந்த எனக்கு இது அப்பிரதட்சணம், உடம்பே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆடத் தொடங்கியபோது வேறொன்று தெரிந்தது. வலத் திருப்பத்தில் ஜோடியில் இருவரும் தங்களுக்குள் கடிகாரத் திசையில் சுற்றுகிறார்கள். மண்டபத்தைச் சுற்றுவது இடமாக, ஒருவரையொருவர் சுற்றுவது வலமாக. இரண்டு சுழற்சியும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மேலே மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது கண்ணில் படும். ஆடுகிறவருக்கு முதுகில்தான் தெரியும்.

வேகமாகப் போகிறவர்களுக்கு வெளி ஓரம், மெதுவாக ஆடுகிறவர்களுக்கு உள்பக்கம். இந்த ஒழுங்கு மட்டும் இல்லையென்றால் இவ்வளவு பேர் ஒரு தளத்தில் மோதாமல் சுழலவே முடியாது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கொண்டாட்டப் பருவம் தொடங்கிவிட்டது. சாம்பல் புதன் வரை, அதாவது வரும் பிப்ரவரி 18 வரை, இந்த ஊரில் நடக்கும் நடன விழாக்கள் நானூறுக்கு மேல். ஆபராவில் நடப்பதை மட்டும்தான் வெளியுலகம் அறியும். மருத்துவருக்கு ஒன்று, வழக்கறிஞருக்கு ஒன்று, காபிக்கடைக்காரர்களுக்கு ஒன்று, இனிப்புத் தயாரிப்பவர்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு ஒன்று, பில்ஹார்மோனிக் கலைஞர்களுக்கு ஒன்று. தொழிலுக்குத் தொழில் ஒரு இரவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் வீட்டில் 'டான் ஜொவான்னி'யின் முதல் அங்க முடிவைக் கேட்டோம். மொட்ஸார்ட் 1787இல் எழுதிய ஆபரா அது. அதில் ஒரு நடனக் காட்சி. மூன்று வாத்தியக் குழுக்கள் ஒரே நேரத்தில் மூன்று விதமாக வாசிக்கின்றன. பிரபுக்களுக்கு மினுவெட். நாயகன் கிராமத்துப் பெண்ணோடு ஆடுவதற்கு ஒரு நாட்டுச் சுற்றாட்டம். வேலைக்காரன் குடியானவனை இழுத்துப்பிடித்து ஆடவைப்பதற்கு ஜெர்மன் நடனம். அந்த மூன்றாவதுதான் வால்ட்ஸுக்குத் தாய். படிநிலையில் அதுவே கடைசி. இருபத்தைந்து, முப்பது வருடத்துக்குள் அதே நடனம் 1814–15 வியன்னா மாநாட்டில் அரசர்களும் தூதர்களும் ஆடுகிற நடனமாகிவிட்டது. மினுவெட்டில் யார் முதலில், யார் பிறகு என்பதே நடனம். வால்ட்ஸில் தளத்தில் இறங்கிவிட்டால் எல்லோரும் ஒரே வட்டத்தில். பார்க்கிறவருக்கு முகம் காட்டும் திசை என்று ஒன்று கிடையாது. இந்த நடனம் ஜெயித்ததற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருக்கமாகப் பிடித்துக்கொள்ளலாமா என்று அன்று எழுந்த கண்டனங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சமத்துவம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1780களில் இங்கே பாடிக்கொண்டிருந்த அயர்லாந்துப் பாடகர் மைக்கேல் கெல்லி தம் நினைவுக் குறிப்பில் ஒன்று சொல்கிறார்: நிறைமாதக் கர்ப்பிணிகள்கூட நடனத்துக்கு வருவதால், நடன மண்டபத்திலேயே பிரசவத்துக்கென அறைகள் வைத்திருந்தார்களாம். வியன்னாக்காரர்களின் நடன ஆசைக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நவம்பர் 18, செவ்வாய்

வகுப்பில் இன்று ஆண்கள் குறைவு. பெண்களில் யார் நடத்துகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். நான் முன்வந்தேன். எனக்கு ஜோடியாக வந்தது ஒரு கல்லூரி மாணவி.

இத்தனை வாரமாகக் கற்றதெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு நின்றது. இப்போது முதல் அடி இடது கால், முன்னே. ஆனால் காலைவிடக் கடினம் வேறு. என் வலது கை அவளுடைய இடது தோள்பட்டை எலும்பின் கீழ் இருந்தது. அவள் எந்தக் காலில் நிற்கிறாள் என்பது அந்தக் கைவழியாக எனக்குத் தெரிய வேண்டும். முதல் சில சுற்றுகளில் வெறும் துணிதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அவள் எடை வலதுக்கு மாறும்போது முதுகின் தசை மெல்ல ஒரு பக்கம் இறுகுவது கைக்குப் புரிந்தது. அவள் மூன்றாம் எண்ணை முடிக்காதபோது நான் அடியெடுத்தால் அவளை இடிக்கிறேன்; முடித்த பிறகு எடுத்தால் அவள் ஏற்கெனவே கிளம்பியிருக்கிறாள்.

ஆசிரியை வந்து என் முழங்கைகளைச் சரிசெய்தார். கையால் தள்ளாதீர்கள், உங்கள் நெஞ்சு நகரட்டும், கை அதோடு வரட்டும் என்றார். கீழே குனிந்து பாதத்தைப் பார்த்தால் நெஞ்சு மடங்கிவிடுகிறது. அப்போது எதிரில் இருப்பவருக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. நிமிர்ந்து பார்த்தால்தான் காலியான இடம் எது என்பதும் தெரியும். தொடர்பவர் கண் இல்லாத பக்கமாகவே பாதி நேரம் போகிறார். அந்தப் பக்கத்தை அவருக்காகப் பார்ப்பது நடத்துபவரின் வேலை. என் கணவர் வகுப்பில் அடிக்கடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பது எதற்காக என்று இன்று விளங்கியது.

வீட்டில் நாங்கள் வாதாடிய கேள்விக்கும் விடை கிடைத்தது. முதலில் வருவதும் போவதும் எதுவும் இல்லை. மூன்றின் முடிவில் இரண்டு பேர் முழங்காலும் சேர்ந்து இளகுகிறது. அந்த இறக்கத்திலேயே அடுத்த அடி எவ்வளவு நீளம், எந்தத் திசை என்பது தெரிந்துவிடுகிறது. அது சரியாக நடந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஏற்ற இறக்கம் அழகுக்காகச் சேர்த்தது என்று நினைத்திருந்தேன். அது இரண்டு உடம்புகளும் பேசிக்கொள்ளும் வழி.

இரவு அவரிடம் சொன்னேன். "அப்ப மூணுல ரெண்டு பேரும் உட்கார்ற மாதிரி லேசா இறங்கணும், அவ்வளவுதானே?" என்றார். மேசையைத் தள்ளிவிட்டு ஆடிப் பார்த்தோம். முழங்கால் இடிக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

விழாவில் பெண்களுக்குத் தரை தொடும் உடை என்பது விதி. புடவை அதற்குத் தாராளமாகப் பொருந்தும். நான் கட்டிக்கொள்ளப்போவதும் அதுதான், அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு இன்று பழகினோம்.

முந்தானை இடது தோள் வழியாகப் பின்னால் விழுகிறது. நடத்துபவரின் வலது கை போய் அமர வேண்டியதும் சரியாக அதே இடம், இடது தோள்பட்டை எலும்பு.

"எங்க கை வைக்கிறதுன்னே தெரியல. வழுக்குது."

"முந்தானைக்கு மேல வைக்காதீங்க, அடியில விடுங்க."

அடியில் விட்டால் திரும்பும்போது முந்தானை அவர் கையில் சுற்றிக்கொள்கிறது. கடைசியில் முந்தானையை ஒற்றை மடிப்பாக விடாமல் கொசுவிக் குறுக்கி, தோளில் பின் குத்தி, நுனியை வலது இடுப்புப் பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து செருகினேன். இப்போது முதுகில் துணி நகராமல் படிந்திருக்கிறது. ரவிக்கைக்கும் அதற்கும் மேல் அவர் கை உறுதியாக நிற்கிறது.

அடுத்தது கொசுவம். முன்னால் அடியெடுக்கும்போது அது விசிறிபோல் விரிந்து வழிவிடுகிறது. புடவை வால்ட்ஸுக்கு என்றே நெய்தது என்று சொல்லும் அளவுக்கு அழகு. பின்னே போகும்போதுதான் சிக்கல். கால் இடுப்பிலிருந்து நீள வேண்டும்; புடவையின் பின்பக்கச் சுற்று இறுக்கமாக இருந்தால் முழங்காலிலிருந்து மட்டுமே நீளும், அடி குறுகிவிடும். உள்பாவாடையை அகலமானதாக மாற்றிவிட்டு, சுற்றைச் சற்றுத் தளர்த்தி, குதிகால் உயரக் காலணி போட்டுக்கொண்டே கட்டினேன். கரை தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. பின்னே வைக்கும் குதிகால் இனிக் கரையை மிதிக்காது. பட்டு கனமானது என்பதும் நல்லதற்கே. திரும்பி முடித்த பிறகும் அது ஒரு கணம் சுழன்றுகொண்டே இருப்பது கணுக்காலில் தெரிகிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

இதுவரை ஆடியது மெதுவான வால்ட்ஸ், நிமிடத்துக்கு 30 ஆவர்த்தனம்போல. இங்கிலாந்தில் உருப்பெற்ற வடிவம் அது. இன்று வியன்னா வால்ட்ஸ், நிமிடத்துக்கு 60 வரை. வேகம் அப்படியே இரட்டிப்பு. இவ்வளவு வேகத்தில் ஏறி இறங்க நேரமே கிடையாது; உடம்பு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சுழன்று போகிறது. சதுரமும் போய்விட்டது. ஒரு ஆவர்த்தனத்தில் அரை வட்டம், அடுத்ததில் இன்னொரு அரை வட்டம்.

அடியைச் சுருக்குங்கள் என்று ஆசிரியை விடாமல் சொன்னார். வேகம் கூடும்போது எட்டிப்போட வேண்டும் என்றுதான் கால் நினைக்கிறது. நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

தலைசுற்றல் வந்தது. எனக்கு அது தினமும் பார்க்கிற விஷயம். தலைசுற்றலோடு வருகிறவர்களைச் சோதனைக்கு உட்கார வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். தலை சுழலத் தொடங்கும்போது திரவம் பின்தங்குகிறது. அதை வைத்து மூளை சுழற்சியை உணர்கிறது. ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்து சுழல ஆரம்பித்து, உணர்வு மங்கிவிடும். நின்றதும் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, அறை எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஆடும்போது ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை, நின்றதும் ஏன் தெரிகிறது என்பதற்கு இதுதான் பதில்.

இதை ஆராய்ந்து 1914க்கான மருத்துவ நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி வியன்னாவிலேயே பிறந்தவர், இங்கே காது மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு மாதிரியும் சூடாக இருந்தால் வேறு மாதிரியும் கண்கள் அசைவதைக் கவனித்து அதிலிருந்து தொடங்கினார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. நோயாளிகளைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதிக்கும் முறை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தலைசுற்றலின் அறிவியல் வால்ட்ஸ் ஊரில் வளர்ந்தது எனக்கு எப்போதுமே வியப்புத்தான்.

பழகப் பழக மூளை இந்தச் செய்தியைக் குறைத்து எடுத்துக்கொள்ளும். அதுவரைக்கும் ஒரு பக்கம் சுழன்ற பிறகு மறுபக்கம் சுழல்வது உதவும். அதற்கு இடத் திருப்பம் தெரிய வேண்டும்.

ஜனவரி 1, வியாழன்

நள்ளிரவில் வானொலியைத் திறந்துவைத்தோம். ஸ்டெஃபான் பேராலயத்தின் பும்மெரின் மணி முதலில். இருபது டன்னுக்கு மேல் எடை. 1945இல் தீயில் விழுந்து உடைந்த பழைய மணியின் உலோகத்தைக் கொண்டு மறுபடி வார்த்தது. மணி ஓய்ந்ததும் நீல டான்யூப். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இதே வரிசை. ஜன்னல் வழியே கீழே பார்த்தால் தெருவில் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் வரை இந்த நேரத்தில் ஜன்னலோரம் நின்று கையசைத்துவிட்டுத் தூங்கப் போவோம். இந்த முறை கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினோம். கருங்கல் பாவிய தெரு, குளிர்காலப் பூட்ஸ், ரப்பர் அடி. திருப்பம் எதுவும் சாத்தியமில்லை. சதுரம் மட்டும் ஆடினோம். பக்கத்துக் கட்டடத்துப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

ஜனவரி 13, செவ்வாய்

இடத் திருப்பம். ஆபரா விழாவில் முதன்முறை ஆட வரும் இளம் ஜோடிகள் வெள்ளை உடையில் ஆடுவது இதைத்தான். வலத் திருப்பத்தில் இரண்டு பாதியிலும் பாதங்கள் சேரும். இடத் திருப்பத்தில், முன்னே போகிறவர் மூன்றாம் எண்ணில் இடது காலை வலதுக்கு முன்னால் குறுக்கே வைக்க வேண்டும். பின்னே போகிறவர் சேர்த்துக்கொள்வார். அடுத்த பாதியில் வேலை கைமாறும். குறுக்கே வைத்த காலின் மேல் முழு எடையும் ஏறாவிட்டால் பின்காலை விடுவிக்க வழியே இல்லை. சதுரத்தில் மன்னித்துவிட்ட தரை இங்கே மன்னிப்பதில்லை.

இரண்டு திருப்பத்துக்கும் நடுவே ஒரு மாற்று அடி தேவை. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. வலத் திருப்பம் நடத்துபவரின் வலது காலில் தொடங்குகிறது, இடத் திருப்பம் இடது காலில். ஆறு அடி முடிந்தால் மறுபடி பழைய காலே வரும். எத்தனை சுற்று சுற்றினாலும் அப்படித்தான். நடுவில் திரும்பாமல் ஒரே ஒரு மூன்றை நேராக நடந்துவிட்டால் கால் மாறிவிடுகிறது. மூன்று ஒற்றைப்படை என்பதால் மட்டுமே இது நடக்கிறது. முதல் வகுப்பில் தலையைக் குழப்பிய கணக்கே இங்கே வழி திறந்துவிடுகிறது.

ஜோடி மாற்றி ஆடியபோது எனக்கு எதிரே வந்தவர் எண்பதை நெருங்குகிறவர். ஒவ்வொரு வருடமும் பருவத்துக்கு முன்னால் சில வகுப்புகளுக்கு வந்து காலைத் தயார்செய்துகொள்வாராம். அவர் அடி ஒரு சாணுக்கு மேல் இல்லை. வலம் சுற்றினோம், ஒரு மூன்று நேராக நடந்தோம், இடம் சுற்றினோம். மாறியது எப்போது என்று என் தலைக்குத் தெரிவதற்குள் முதுகுக்குத் தெரிந்திருந்தது. அவர் கை எதையும் அழுத்தவில்லை. மூன்றின் முடிவில் மட்டும் அவர் இறங்கியது வழக்கத்தைவிடச் சற்று நீண்டது, நானும் அதோடு நீண்டேன், திசை வந்துவிட்டது.

என் கணவரிடம் இதைச் சொல்லி வீட்டில் முயன்றோம். அவர் மாற்று அடியை அவசரமாக முடித்துவிடுகிறார். மூன்றில் நிற்க நேரம் கொடுக்காமல் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

"அந்த நேரா நடக்கிற மூணு மட்டும் தனியாப் பழகலாமா?" என்று அவரே கேட்டார்.

விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் திருப்பம் எதுவும் வேண்டாம் என்று முடிவுசெய்திருக்கிறோம். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மாற்று அடி மட்டும், மெதுவான இசைக்கு, அவர் முன்னே, நான் பின்னே. பிறகு நான் நடத்த, அவர் தொடர.